ஊவாவின் ஏடுகள் – 23: கார்லைல் வாயிலும் போகம்பரைத் திடலும்

1818 பெப்ரவரி 4. எடின்பரோ கோட்டையின் உள்ளறை ஒன்றில் சிலர் கூடி நிற்கிறார்கள். நடுவே ஒரு பெரிய ஓக் மரப்பெட்டி. 111 ஆண்டுகளாக அதை எவரும் திறக்கவில்லை. சாவியும் இல்லை. பூட்டை உடைக்கிறார்கள். உள்ளே, துணியில் சுற்றியபடி, ஸ்கொட்லாந்தின் பழைய அரசர்களுடைய கிரீடமும் செங்கோலும் வாளும் பத்திரமாக இருக்கின்றன. 1707இல் ஸ்கொட்லாந்தின் நாடாளுமன்றம் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டபோது உள்ளே வைத்துப் பூட்டியவை அவை. தேடிப் பார்க்க அரச அனுமதி கேட்டுப் போராடி வாங்கியவர், வலது கால் சற்று விந்தும் 46 வயதுச் சட்டத்தரணி ஒருவர். பெயர் வோல்ட்டர் ஸ்கொட்.

அதே பெப்ரவரியில் ஊவாவும் வெல்லஸ்ஸவும் எரிந்துகொண்டிருந்தன. நமது மலைகளில் பிரித்தானியருக்கு எதிராக எழுந்த கலகம் நான்கைந்து மாதங்களைக் கடந்திருந்தது. அந்த ஆண்டிலேயே கண்டியின் புனித தந்தச் சின்னத்தைக் கலகக்காரர் வெளியே கொண்டுபோய் மறைத்தனர். அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கே நாடு உரியது என்பது அந்த மக்களின் நம்பிக்கை. ஸ்கொட்லாந்தில் தொலைந்துபோன அரசுரிமையின் அடையாளத்தை மீட்டுக் கண்ணீர் விட்டார்கள். அதே பேரரசின் சிப்பாய்கள் இங்கே இன்னொரு மலைநாட்டின் அரசுரிமை அடையாளத்தைக் காடு காடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கொட்லாந்தின் கதாசிரியர் ஒருவருக்கு ஊவாவின் வரலாற்றுத் தொடரில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். ஸ்கொட் இலங்கைக்கு வந்தவர் அல்லர். ஆனாலும் அவருடைய வாழ்க்கையின் இழைகள் இந்த மலைகளோடும், நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டு மண்ணோடும் பல இடங்களில் பின்னிக்கிடக்கின்றன. தோற்ற மலைநாட்டு மக்களின் கதையை உலகம் கேட்கும்படி முதலில் சொன்ன நாவலாசிரியர் அவர். அவர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் ஊவாவின் மலைமக்கள் தோற்கடிக்கப்பட்டார்கள்.

ஸ்கொட் 1771 ஓகஸ்ட் 15இல் எடின்பரோவில் பிறந்தார். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப்போனது. இளம்பிள்ளை வாதம் என்று இன்று நாம் அறியும் நோய் அது. நல்ல காற்று கிடைக்கட்டும் என்று எல்லைப்புறக் கிராமத்தில் பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பினார்கள். ஓடியாட முடியாத பிள்ளை பாட்டியிடமும் அத்தையிடமும் கதை கேட்டே வளர்ந்தது. எல்லைப்புறக் கொள்ளைக்காரர், குலச்சண்டைகள், பழைய போர்ப்பாட்டுகள் எல்லாம் காதுவழி வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் எழுதிய எதற்கும் விதை அந்தப் பண்ணைவீட்டில் விழுந்ததுதான்.

பிறகு தந்தையைப் போலச் சட்டம் படித்து 1792இல் வழக்கறிஞரானார். தந்தையின் அலுவலகத்துக்கு வந்து போன முதியவர்களில் ஒருவர் இன்வர்நாஹைலைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்டூவர்ட். 1745இல் இளவரசர் சார்ள்ஸ் எட்வர்டின் பக்கம் நின்று லண்டன் அரசுக்கு எதிராக வாளேந்தியவர். போர்க்களத்தில் எதிரி அதிகாரி ஒருவரைக் கொல்லாமல் காப்பாற்றியதையும், பின்னர் தன்னை வேட்டையாடியபோது அந்த அதிகாரி தனக்காக மன்னிப்புக் கேட்டு அலைந்ததையும் அவர் ஸ்கொட்டிடம் சொல்லியிருக்கிறார். இந்தக் கதைதான் பிற்பாடு உலகப் புகழ் பெற்ற ஒரு நாவலின் முதுகெலும்பாயிற்று.

நாவலுக்கு முன் ஸ்கொட் செய்த வேலை ஒன்றை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். கால் முடியாத அந்த இளைஞர் குதிரையேறி எல்லைப்புறப் பள்ளத்தாக்குகளுக்குப் போய், இடையர்களிடமும் கிழவிகளிடமும் வாய்மொழிப் பாடல்களைக் கேட்டு எழுதினார். அவை 1802, 1803ஆம் ஆண்டுகளில் தொகுதிகளாக வெளிவந்தன. இந்தத் தொகுப்பில் அவருக்குத் துணை நின்றவர் ஜோன் லெய்டன். இடையர் மகனாகப் பிறந்து மொழி மேல் மொழியாகக் கற்றுக் குவித்த மேதை. தொகுப்பு முடிந்த கையோடு 1803இல் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராகச் சென்னைக்குக் கப்பலேறினார். 1811இல் ஜாவாவில் காய்ச்சல் கண்டு இறந்தார். பாடல்களைத் தந்தவர்களில் ஒருவர் மார்கரெட் லெய்ட்லோ என்ற கிராமத்துப் பெண்மணி. அவை பாடுவதற்காகப் பிறந்தவை, நீ அச்சில் போட்டுக் கெடுத்துவிட்டாய் என்று ஸ்கொட்டின் முகத்துக்கு நேரே கடிந்துகொண்டாராம். அந்தத் தாயின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அச்சில் ஏறியதால்தான் அந்தப் பாட்டுகளில் பல இன்றும் இருக்கின்றன.

1814 ஜூலையில் 'வேவர்லி' வெளியானது. ஆசிரியர் பெயர் போடவில்லை. அப்போது ஸ்கொட் புகழ்பெற்ற கவிஞர். நீதிமன்றத்தில் பொறுப்பான பதவியிலும் இருந்தார். நாவல் எழுதுவது அந்தத் தகுதிக்கு ஒவ்வாது என்று அந்நாளில் கருதப்பட்டது. 1827இல் ஒரு விருந்தில் தானே ஒப்புக்கொள்ளும்வரை அந்த நாவல்களின் ஆசிரியர் யாரென்று வெளிப்படையாக அவர் சொல்லவில்லை.

கதை இதுதான். எட்வர்ட் வேவர்லி ஓர் இளம் ஆங்கில அதிகாரி. படையோடு ஸ்கொட்லாந்துக்குப் போகிறான். மலைநாட்டுக்குள் சென்று பெர்கஸ் மக்ஐவர் என்ற குலத்தலைவனோடு நட்புக் கொள்கிறான். 1745 கிளர்ச்சி வெடிக்கும்போது தன் அரசுக்கு எதிராக மலைமக்கள் பக்கம் சேர்கிறான். கிளர்ச்சி தோற்கிறது. வேவர்லிக்கு மன்னிப்புக் கிடைக்கிறது. பெர்கஸுக்குக் கிடைக்கவில்லை.

கார்லைல் நகர நீதிமன்றக் காட்சியை நான் எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு கனக்கும். பெர்கஸோடு பிடிபட்ட அவனுடைய குடிமகன் ஈவன் எழுந்து, தலைவரை விட்டுவிடுங்கள், அவருக்குப் பதிலாக எங்கள் குலத்தில் ஆறு பேர் தலை கொடுக்கிறோம், போய் அழைத்து வருகிறேன் என்கிறான். சபையில் சிலர் சிரிக்கிறார்கள். போனால் திரும்பி வரமாட்டான் என்று நினைத்துத்தானே சிரிக்கிறீர்கள், மலைநாட்டான் மனம் உங்களுக்குத் தெரியாது என்று அவன் சொல்லும்போது சபை அடங்குகிறது. இருவருக்கும் மரண தண்டனை. பெர்கஸின் கடைசி ஆசை, வெட்டப்பட்ட தன் தலையை ஸ்கொட்லாந்தைப் பார்த்த வாயிலின் மேல் வைக்க வேண்டும் என்பது. செத்த பிறகாவது தன் நீல மலைகளை நோக்கியிருக்கலாம் அல்லவா?

இங்கே ஊவாவுக்குத் திரும்புவோம்.

1815 மார்ச் 2இல் கண்டி உடன்படிக்கை கையெழுத்தானது. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற நாயக்க வம்சத்து மனிதர், வேலூருக்கு நாடுகடத்தப்பட்டார். உடன்படிக்கை கொடுத்த வாக்குறுதிகளில் பிரதானிகளுக்கு நம்பிக்கை போக இரண்டரை ஆண்டுகளே பிடித்தன. 1817இல் வெல்லஸ்ஸக் காட்டில் ஒருவர் தோன்றித் தானே அரச வம்சத்தவன் என்றார். வில்பாவே என்ற ஊர்க்காரரான அவர், நாயக்க மன்னரின் உறவினரான துரைசாமி என்றே தன்னை அறிவித்துக்கொண்டார். சிங்களக் கிராமங்கள் ஒரு தமிழ்ப் பெயரின் பின்னால் திரண்டன என்பதை நம் இளைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும். விசாரிக்கப் போன பதுளை உதவி அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் 1817 ஒக்டோபரில் அம்பு பட்டு இறந்தார்.

கலகத்தை அடக்குமாறு ஆளுநர் பிரவுன்றிக்கின் நிருவாகம் ஊவாவின் திசாவையான (மாகாணத் தலைவரான) மொனரவில கெப்பெட்டிபொலவை அனுப்பியது. 500 பேரோடு போனார். போன இடத்தில் எதிரில் நின்றவர்கள் தன் மக்களே என்று கண்டார். அவர்களோடு சேர்ந்தார். அதற்கு முன் ஒன்று செய்தார். ஆங்கிலேயர் தனக்குத் தந்த ஆயுதங்களை அவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டார். பிரித்தானியர் கொடுத்த துப்பாக்கியால் பிரித்தானியரைச் சுடக் கூடாது என்ற எண்ணம். இந்தச் செயலை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால் மிகைப்படுத்துகிறார் என்றிருப்போம். அரசின் பணியாளாகப் புறப்பட்டுக் கலகக்காரர் பக்கம் சேர்ந்த வேவர்லியும், தலைகொடுத்த பெர்கஸும் ஒரே மனிதரில் கூடி நின்றார்கள். ஊவா மண்ணில், நாவல் வெளிவந்து நான்கு ஆண்டுகளுக்குள் இது நடந்தது.

அந்த 1817 டிசம்பர் கடைசியில் ஸ்கொட்டின் 'ரொப் ரோய்' வெளியானது. மக்கிரெகர் குலத்தைச் சேர்ந்த மலைநாட்டுச் சட்டவிரோதி ஒருவரைப் பற்றிய சாகசக் கதை. முதல் பதிப்பு 10,000 பிரதிகள். அந்நாளில் அது கேட்டறியாத எண்ணிக்கை. இரண்டே வாரங்களில் விற்றுத் தீர்ந்தது. பிரித்தானியாவின் படித்த குடும்பங்கள் மலைநாட்டுக் கலகக்காரன் ஒருவனைக் காதலித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், அவர்களுடைய படை ஊவாவின் கலகக்காரரை ஊர் ஊராகத் துடைத்துக்கொண்டிருந்தது.

போர் நடந்த விதத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வயல்கள் எரிக்கப்பட்டன. நெல் அழிக்கப்பட்டது. மாடுகள் கொல்லப்பட்டன. பலா, தென்னை என்று பசிக்கு உதவும் மரங்கள் வெட்டப்பட்டன. நீர்ப்பாசனக் கால்வாய்களும் குளங்களும் உடைக்கப்பட்டன. வெல்லஸ்ஸ என்பது இலட்சம் வயல்களின் நாடு என்று பெயர் பெற்ற நிலம். அது இன்றைக்கும் முழுதாக எழுந்து நிற்கவில்லை. அப்போது இலங்கையில் படை மருத்துவராக இருந்த ஜோன் டேவி, 1821இல் வெளியான தன் நூலில், போரிலும் பஞ்சத்திலும் நோயிலும் இறந்த உள்நாட்டவர் 10,000 பேருக்குக் குறையமாட்டார்கள் என்று கணித்திருக்கிறார்.

கெப்பெட்டிபொல 1818 ஒக்டோபர் இறுதியில் நோயுற்ற நிலையில் பிடிபட்டார். நவம்பர் 26 காலை கண்டி தலதா மாளிகையில் வழிபட்டு, தன் மேலாடையைக் காணிக்கையாக வைத்தார். போகம்பரையில் அவரும் கலகத் தலைவர்களில் ஒருவரான மடுகல்லேயும் தலை வெட்டப்பட்டு இறந்தார்கள். கலங்காமல் நின்றார் என்று பிரித்தானியரே எழுதிவைத்தார்கள்.

எழுதியவர்களில் முக்கியமானவர் ஹென்றி மார்ஷல். ஸ்கொட்லாந்தின் கில்சித் ஊரில் பிறந்த படை மருத்துவர். 1808 முதல் 1821 வரை இலங்கையில் இருந்தார். கெப்பெட்டிபொலவின் மண்டையோட்டை எடுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். மண்டையின் அமைப்பைப் பார்த்து மனிதனின் குணத்தைச் சொல்லலாம் என்ற போலி அறிவியல் அப்போது எடின்பரோவில் பெரிய மோகமாக இருந்தது. அதற்கென்றே அங்கே ஒரு கழகமும் அருங்காட்சியகமும் இருந்தன. ஊவாவின் திசாவையுடைய தலை அந்தச் சேகரிப்பில் போய்ச் சேர்ந்தது. ஸ்கொட் பிறந்து, சட்டம் படித்து, நீதிமன்றம் போய்வந்த அதே நகரம்! பெர்கஸின் தலை கார்லைல் வாயிலில் இருப்பதை வாசித்து அழுத ஊரில், கெப்பெட்டிபொலவின் தலை ஒரு மாதிரிப் பொருளாக அடுக்கில் இருந்தது.

மார்ஷலின் மனமும் இருகூறாகத்தான் இருந்திருக்கிறது. 1846இல் வெளியிட்ட தன் நூலில், கலகம் வென்றிருந்தால் கெப்பெட்டிபொலவைத் துரோகி என்று தண்டித்திருக்க மாட்டார்கள், தேசபக்தர் என்று கொண்டாடியிருப்பார்கள் என்ற பொருள்பட அவர் எழுதினார். மண்டையோட்டை எடுத்துச் சென்றதும் அவர் கைதான், இதை எழுதியதும் அவர் கைதான். ஸ்கொட்டின் நாவல்களை வாசித்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த வாக்கியம் இயல்பாக வந்திருக்கிறது என்பது என் எண்ணம். தோற்றவனிடத்திலும் நியாயம் இருக்கலாம் என்பதை அவர்களுக்குப் பழக்கியவர் ஸ்கொட். மண்டையோடு 1954இல்தான் இலங்கைக்குத் திரும்பியது. இன்று கண்டியில் தலதா மாளிகைக்கு எதிரேயுள்ள நினைவுத்தூண் அதன் மேல்தான் நிற்கிறது.

இதில் ஸ்கொட்டின் மேல் எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 'வேவர்லி' வெளியான 1814ஆம் ஆண்டிலேயே, ஸ்கொட்லாந்தின் வடக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடியானவர்களின் வீடுகள் தீ வைத்துக் காலி செய்யப்பட்டன. நிலவுடைமையாளர்களுக்கு ஆட்டுப் பண்ணை அதிக இலாபம் தந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த மக்கள் கடற்கரைக்கும் கனடாவுக்கும் துரத்தப்பட்டார்கள். வெளியேற்றத்தை முன்னின்று நடத்திய பற்றிக் செல்லார் மீது 1816இல் வழக்கு நடந்தது. அவர் விடுதலையானார். அறுபது ஆண்டுகளுக்கு முன் தோற்ற மலைமக்களுக்காக அத்தனை அழகாக எழுதிய ஸ்கொட், தன் கண்முன் துரத்தப்பட்டவர்களை ஒரு நாவலின் நடுவில் வைக்கவில்லை. அவர் பழமைவாதி, நிலப்பிரபுக்களின் நண்பர், அரசரின் அன்புக்குரியவர். 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, மலைநாட்டுக் கட்டம்போட்ட உடையை அவருக்கே அணிவித்து விழா எடுத்தவர். 1745 கிளர்ச்சியின் தோல்விக்குப் பின் அதே உடை 36 ஆண்டுகள் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது. உடை கொண்டாடப்பட்டது, உடுத்தியிருந்த மக்கள் கப்பலேறினார்கள்.

இனி தமிழ்நாட்டு இழைக்கு வருவோம்.

ஸ்கொட் 1797 டிசம்பர் 24இல் திருமணம் செய்தார். இடம் கார்லைல். பிற்பாடு பெர்கஸின் தலையை வைக்கப்போகும் அதே ஊர். மணமகள் சார்லட் சார்பென்டியர் பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண். அவருடன் பிறந்த ஒரே சகோதரர் சார்ள்ஸ் கார்ப்பென்டர், கிழக்கிந்தியக் கம்பனியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்குப் போனவர். சேலத்தில் கம்பனியின் வணிக அதிகாரியாக இருந்தார். அந்தப் பதவியின் வேலை நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, அவர்கள் நெய்யும் துணியைக் கம்பனிக்கே வாங்கிச் சேர்ப்பது. முன்பணம் வாங்கிய நெசவாளர் வேறு யாருக்கும் நெய்ய முடியாது. சேலத்திலிருந்து சகோதரர் அனுப்பிய பணம் ஸ்கொட் தம்பதியின் ஆரம்பகாலக் குடும்பத்தைத் தாங்கியது. கார்ப்பென்டர் 1818இல் இறந்தார். சொத்து, அவர் மனைவியின் காலத்துக்குப் பின் ஸ்கொட்டின் பிள்ளைகளுக்கு என்று எழுதப்பட்டிருந்தது. சேலத்துத் தறியில் ஓடிய நூலின் ஒரு முனை ஸ்கொட்டின் வீடுவரை போயிருக்கிறது.

அடுத்த தலைமுறையில் அதே சேலத்திலிருந்தும், திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்தும் நம் முன்னோர் புறப்பட்டார்கள். இந்த முறை முன்பணம் கொடுத்தவர் கங்காணி. மன்னார்க் கரையில் இறங்கி, காடுவழி நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் உறவுகளைப் பறிகொடுத்து மலையேறினார்கள். போரில் வெறுமையாக்கப்பட்ட ஊவாவின் மேட்டுநிலங்கள் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் அரசுக்குரியவை ஆகியிருந்தன. உறுதி காட்ட முடியாத கிராமத்தவர் தங்கள் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்தார்கள். அவற்றைத் துரைமார் வாங்கிக் கோப்பி நட்டார்கள்.

துரைமாரில் பெரும் பங்கு ஸ்கொட்லாந்துக்காரர். அபர்டீன், கின்கார்டின் போன்ற வடகிழக்குப் பகுதிகளின் விவசாயக் குடும்பங்களிலிருந்து இளைஞர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். லூல்கந்துரையில் 1867இல் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்காரர். 1890இல் ஹப்புத்தளை தம்பதன்னையை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். ஊரின் நினைவையும் வாசித்த புத்தகங்களின் நினைவையும் அவர்கள் மலைகளுக்குப் பெயராக வைத்தார்கள். அக்கரப்பத்தனையில் வேவர்லி தோட்டம். திம்புளையில் அபொட்ஸ்போர்ட், இது ஸ்கொட் தனக்காகக் கட்டிய மாளிகையின் பெயர். கினிகத்தேனையில் கெனில்வர்த், இது 1821இல் வந்த அவருடைய நாவல். நமது பக்கத்திலும் ஹப்புத்தளையில் கிளெனனோர், பதுளையில் கிளென் அல்பின், பண்டாரவளையில் ஊவா ஹைலண்ட்ஸ். அல்பின் குலம் ஸ்கொட்டின் 1810ஆம் ஆண்டுக் காவியத்தில் வரும் மலைநாட்டுக் குலம். விடியற்காலையில் தப்படித்துப் பெரட்டுக்களத்துக்கு அழைக்கப்பட்ட நம் பாட்டிமார், தாங்கள் நின்ற மண்ணுக்கு ஒரு கதைப்புத்தகத்தின் பெயர் என்று அறியாமலே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறினார்கள்.

தோட்டத்துக்கு ஆள் கடத்துவது ஸ்கொட்லாந்துக் கதைகளுக்குப் புதிதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்கொட்டின் வழியில் வந்த எடின்பரோக்காரர் ரொபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1886இல் எழுதிய 'கிட்நாப்ட்' நாவலில், சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பா தன் அண்ணன் மகனையே கப்பல்காரனுக்கு விற்றுவிடுகிறார். அமெரிக்காவின் கரோலினாத் தோட்டங்களில் அடிமை வேலைக்கு விற்கப்படவிருந்த அந்தச் சிறுவன் தப்பித்து, மலைநாட்டு வீரன் ஒருவனோடு மலை மலையாக ஓடுவதுதான் கதை. தப்பிக்காமல் தோட்டம் சேர்ந்தவர்களின் கதையை அந்த மரபு எழுதவில்லை.

ஸ்கொட்டே இந்தியாவை வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறார். 1827இல் வந்த 'மருத்துவரின் மகள்'. ஸ்கொட்லாந்துச் சிற்றூரில் தொடங்கிச் சென்னைக்கும் மைசூருக்கும் போகிறது. ஒரு வஞ்சகன் தன்னை நம்பிய பெண்ணைத் திப்பு சுல்தானிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்கிறான். ஹைதர் அலி அவனை யானையின் காலில் இடறவிட்டுத் தண்டிக்கிறார். இந்தியாவில் பணிபுரிந்து திரும்பிய கர்னல் ஜேம்ஸ் பெர்கசன் என்ற நண்பர் சொல்லக் கேட்டு எழுதிய இடங்கள் அதில் உண்டு. அவருடைய நல்ல கதைகளில் இதை நான் சேர்க்கமாட்டேன். கண்ட மண்ணையும் கேட்ட குரலையும் எழுதும்போது இருக்கும் உயிர் இதில் இல்லை.

அப்போது அவர் கடனுக்காக எழுதிக்கொண்டிருந்தார். 1826 ஜனவரியில் அவருடைய பதிப்பாளரும், அவர் பங்காளியாக இருந்த அச்சகமும் சேர்ந்து வீழ்ந்தன. சுமார் 1,20,000 பவுண் கடன் அவர் தலையில் விழுந்தது. நண்பர்கள் உதவ முன்வந்தார்கள். வேண்டாம் என்று மறுத்து, எழுதியே அடைக்கிறேன் என்றார். அதே ஆண்டு மே மாதம் சார்லட் இறந்தார். துக்கத்திலும் நோயிலும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். பக்கவாதம் வந்தது. 1831 இறுதியில் அரசு தந்த போர்க்கப்பலில் மோல்டாத் தீவுக்குக் காற்று மாற்றத்துக்காகப் போனார். அங்கே படை மருத்துவத் துறையில் இருந்து அவரைச் சந்தித்து உபசரித்தவர் யார் தெரியுமா? ஊவாவில் இறந்தவர்களைக் கணக்கிட்டு எழுதிய அதே டொக்டர் ஜோன் டேவி.

ஸ்கொட் 1832 செப்டம்பர் 21இல் அபொட்ஸ்போர்ட்டில் இறந்தார். கண்டியின் கடைசி மன்னர் அதே ஆண்டு ஜனவரி 30இல் வேலூரில் இறந்திருந்தார். மிச்சக் கடனை ஸ்கொட்டின் நூல்களின் உரிமை அடைத்தது.

அவர் திறந்த பாதை தமிழுக்கும் வந்தது. வரலாற்றின் நடுவே ஒரு சாதாரண இளைஞனை ஓடவிட்டு, இருபக்கத்து அரசியலையும் அவன் கண்ணால் காட்டும் முறை ஸ்கொட்டுடையது. கல்கியின் வந்தியத்தேவனைப் படித்தவர்களுக்கு இது புரியும். கல்கிக்கு முன்பே இந்தப் பாதையில் கால் வைத்தவர் நம் நாட்டவர். திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட 'மோகனாங்கி'தான் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று கொள்ளப்படுகிறது. அதுவும் நாயக்கர் காலத்துக் கதை.

ஊவாவின் தோட்டங்களுக்கு அப்படி ஒரு குரல் கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. பதுளைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தார் ஜோசப். தான் வேலை பார்த்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். துரைமார் மலைகளுக்குத் தம் புத்தகங்களின் பெயரை வைத்தார்கள் என்றால், இந்த மனிதர் மலையின் பெயரைத் தன் புத்தகங்களின் மேல் எழுதினார். 1974இல் 'காலங்கள் சாவதில்லை' நாவல். 1979இல் 'நாமிருக்கும் நாடே' சிறுகதைத் தொகுதி. லயத்துக் காம்பராவின் நெருக்கடியையும், பெரட்டுக்களத்து அவமானத்தையும், குடியுரிமை பறிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டவர்களின் கதறலையும் உள்ளிருந்து எழுதியவர். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது. 2022இல் மறைந்தார். அவருக்கு முன் வட்டகொடை மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். எல்லைப்புறக் கிழவிகளிடம் ஸ்கொட் செய்ததை நம் லயங்களில் செய்தவர் அவர். ஸ்கொட் எழுதியது அறுபது ஆண்டுகளுக்கு முன் தோற்றவர்களைப் பற்றி. இவர்கள் எழுதியது கண்முன் தோற்கடிக்கப்பட்டவர்களைப் பற்றி. அந்த அளவில் ஸ்கொட்டைவிட இவர்கள் பெரியவர்கள் என்றே நான் சொல்வேன்.

எடின்பரோவில் ஸ்கொட்டுக்கு 200 அடி உயர நினைவுக் கோபுரம் நிற்கிறது. நமக்குக் கோபுரம் இப்போது வேண்டாம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, ஹாலிஎல, ஹப்புத்தளை என்று எந்தத் தோட்டத்தில் இதை வாசித்தாலும், உங்கள் வீட்டில் 80 வயது தாண்டிய தாத்தாவோ அம்மாயியோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு, எந்த வழியாக வந்தோம் என்று கேளுங்கள். காமன் கூத்திலும் பொன்னர் சங்கரிலும் அவர்களுக்கு நினைவிருக்கும் பாட்டுகளைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், ஆண்டு மூன்றையும் மறக்காமல் குறியுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும், ஒரு பிரதி உங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் சேரட்டும்.

அடுத்த வாரம்: 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த யானை வேட்டைக்காரர் மேஜர் ரொஜர்ஸும், அவர் நினைவாகப் பதுளையில் எழுந்த தேவாலயமும்.